அரைப் பொட்டு

அத்தியாயம் ஏழு

ராஜினாமா கடிதத்தை அவர்களே டைப் அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"நாலு மணி வரைக்கும் டைம்," என்றார் சுப்பராயலு. "கையெழுத்து போட்டா வூட்டுக்குப் போவலாம். போடலன்னா ஸ்டேஷனுக்குப் போவலாம். உன் இஷ்டம்மா."

எதிரே உட்கார்ந்திருந்த ரோஸ்லின் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நீலாயதாட்சி காம்பொனன்ட்ஸ் என்ற கம்பெனி. லாரிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிறார்கள். சுப்பராயலு அதன் மானேஜர். கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயர் ரோஸ்லின். கடந்த பன்னிரண்டு நாட்களின் தரச் சோதனைப் பதிவுகள் மொத்தமும் அவள் கைபட்டு அழிந்துவிட்டன என்பது குற்றச்சாட்டு. இன்று செவ்வாய். வியாழக்கிழமை வாடிக்கையாளர்கள் தணிக்கைக்கு வருகிறார்கள். பதிவு இல்லாத பிரேக்கை எவனும் லாரியில் மாட்ட மாட்டான்.

போலீசுக்குப் போகும் முன் வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த வெளியாள் மெஹர் நிஷா. வில்லியனூர் கடைத்தெருவில் தம்பியின் ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவர். அவருடைய உதவியாளர் நான், கஸ்தூரி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால், இதே கட்டடத்துக்கு, இதே வேலைக்கு, நானும் ரோஸ்லினும் இண்டர்வியூவுக்கு வந்தோம். காலேஜில் ஒரே பெஞ்ச். மொத்த மதிப்பெண்ணில் நான் அவளைவிட ஆறு கூட. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். சோரியாங்குப்பத்தில் கரும்பு வெட்டுகிறவர் மகள் நான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. சொல்ல நிறையவே இருந்தது. அந்த மொழிதான் வாயில் நிற்கவில்லை. ரோஸ்லினின் அப்பா இங்கிலீஷ் வாத்தியார். அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். அவளுக்கு நாற்காலி கிடைத்தது. எனக்கு நிஷாக்காவின் ஸ்கூட்டரில் பின் சீட்.

அதனால் அந்தப் பென்சில் குறியைப் பார்த்தபோது என் வயிற்றில் பால் வார்த்தது. ஏன் மறைக்க வேண்டும்?

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றார் நிஷாக்கா, வாயில் சோம்பைப் போட்டுக்கொண்டு. "துணிக்கடைக்காரி கிட்ட சொல்றாப்ல சொல்லு."

ரோஸ்லின் ஒரு பேப்பரில் இரண்டு கட்டம் போட்டாள். "வருகைப் பதிவு, டிராயிங், தரச் சோதனை, எல்லாத்துக்கும் இங்க தனித்தனி கம்ப்யூட்டர் கிடையாது மேடம். ஒரே வூட்ல பத்து குடித்தனம் மாதிரி, ஒரே மெஷினுக்குள்ள பத்து மெஷின் ஓடுது. அத்தனைக்கும் சாமான் வைக்கிற ரூம் இந்த ரெண்டு சர்வருங்க. ஒண்ணுல இன்னா எழுதினாலும் அப்பவே இன்னொண்ணுலயும் எழுதிக்கும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும். நாந்தான் பேர் வெச்சேன். ஒண்ணு வில்லியனூர், ஒண்ணு பாகூர்."

"பாகூர் செத்துப்போச்சா?"

"ரெண்டாம் தேதி இடி விழுந்துச்சி. போர்டு வெந்துடுச்சி. பன்னெண்டு நாள் வில்லியனூர் மட்டும் தனியா ஓடுச்சி. ஞாயித்துக்கிழமை புது சர்வர் வந்துச்சி. எல்லாத்தையும் நிறுத்திட்டு, புதுசுக்கு பாகூர்னே பேர் வெச்சி, வில்லியனூர்ல இருக்கறத அதுக்குள்ள காப்பி பண்ணேன். சாயந்திரம் முடிஞ்சிது. திங்கக்கிழமை காலையில பாத்தா ரெண்டுமே ரெண்டாம் தேதியில நிக்குது."

"பேக்கப்?"

"மாசக் கடைசியில ஒரு தரம் எடுப்போம். அது இன்னும் பழசு."

நான் புகுந்தேன். "இதுல இன்னா மர்மம் இருக்கு? தலைகீழா காப்பி பண்ணிட்ட. நெறைஞ்ச பானையைக் காலி பானைக்குள்ள ஊத்தறதுக்குப் பதிலா, காலியை நெறைஞ்சதுக்குள்ள ஊத்திட்ட."

ரோஸ்லின் என்னை நேராகப் பார்த்தாள். "காலியை ஊத்தியிருந்தா எல்லாமே காலியா இருக்கணும் கஸ்தூரி. ரெண்டாம் தேதி வரைக்கும் அத்தனையும் பத்திரமா இருக்கே, அது எங்கேர்ந்து வந்துச்சி?"

அவள் சொன்னது சரி. அவள் எப்போதும் சரியாகச் சொல்வாள். அதுதான் எனக்குப் பிடிக்காதது.

"முடிஞ்சதும் சரி பாத்தியா?" என்றார் நிஷாக்கா.

"பாத்தேன். ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருந்துச்சி." அவள் குரல் முதல் முறையாக இறங்கியது. "ஒண்ணா இருக்கான்னு பாத்தேன் மேடம். எந்தத் தேதின்னு பாக்கல."

---

சர்வர் அறையில் ஏசி எலும்புவரை இறங்கியது. ஆள் உயர இரும்பு அலமாரியில் இரண்டு பெட்டிகள். மேலே வில்லியனூர், கீழே புதுப் பாகூர். ஒவ்வொன்றின் முகத்திலும் நான்கு டிரேக்கள். ஒவ்வொரு டிரேயிலும் ஒரு டிஸ்க். ஒரு கொக்கியை அழுத்தினால் மேசை டிராயர் மாதிரி வெளியே வரும்.

"ஞாயித்துக்கிழமை இந்த ரூம்ல யார் யார்?"

"நானு, விஜயராஜ் அண்ணன். புது சர்வரைத் தூக்கினு வந்த ரெண்டு பேரு இறக்கி வெச்சிட்டுப் போய்ட்டாங்க. ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் நான் சாப்பிடப் போயிட்டேன். பூட்டல. ரெண்டு சர்வரும் அப்ப ஆஃப்ல இருந்துச்சி."

நிஷாக்கா புதுப் பாகூரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வில்லியனூரைப் பார்த்தேன்.

டிரேக்களுக்குக் கீழே, சர்வரின் இரும்புச் சட்டத்தில், காய்ந்துபோன சந்தனம். நான்கு இடத்தில். போன வருட ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. ஆனால் முழுப் பொட்டு இல்லை. ஒவ்வொன்றும் பாதி. கத்தியால் நறுக்கிய மாதிரி மேல்பாதி இல்லை. அந்த மேல்பாதி டிரேயின் அடிவிளிம்பில் இருந்திருக்க வேண்டும். நான்கு டிரேக்களும் துடைத்த தட்டுபோல இருந்தன.

என் கை தானாக ஃபோனுக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

எனக்குத் தெரியும். அந்தப் பொட்டுகள் முழு வட்டமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். டிரேயில் பாதி, சட்டத்தில் பாதி, சீல் வைத்த மாதிரி. என் ஃபோனில் அதற்குப் படம் இருக்கிறது. இந்த டிரேக்கள் வில்லியனூருடையவை அல்ல. யாரோ மாற்றியிருக்கிறார்கள். ரோஸ்லின் நிரபராதி.

ஃபோனைப் பைக்குள் போட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. நாலு மணிக்கு அவள் கையெழுத்துப் போடுவாள். நான் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

---

விஜயராஜ் ஸ்டோர் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஹார்டுவேர் டெக்னீஷியன். டிப்ளமோ. இந்தக் கம்பெனியில் பதினாலு வருடம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று நிஷாக்காவுக்கு ஸ்டூலைத் தள்ளினார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"பாவம் மேடம் அந்தப் பொண்ணு. வயசு கம்மி. எல்லாருக்கும் தப்பு நடக்கறதுதான். மானேஜர் கிட்ட சொல்லுங்க, ஸ்டேஷன்லாம் வேணாம்."

"ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கேன்டீன்ல. எலுமிச்ச சாதம் எடுத்தாந்திருந்தேன்."

"ரோஸ்லின் வேலையில எப்படி?"

"கெட்டிக்காரி." அவர் விரல் மடக்கினார். "வந்து ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆவுது. மூணாவது மாசமே சுத்தற சேர் குடுத்தாங்க. ஏழாவது மாசத்துலேர்ந்து மீட்டிங்ல மானேஜர் பக்கத்துல உக்காருது. போன பங்குனியில கதவுல பேர்ப்பலகை மாட்டினாங்க, வெள்ளிக்கெழம, பத்தரை மணிக்கு. நாந்தான் ஸ்குரு முடுக்கினேன். நல்லா வரும் மேடம் அந்தப் பொண்ணு."

குரலில் முழுக்கப் பாராட்டு. ஆனால் ஒரு தேதிகூடப் பிசகவில்லை.

இரண்டு வருடம் நான்கு மாதம். அதே கணக்கு என்னிடமும் இருக்கிறது. சுத்தற சேர் எந்த மாதம் வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானும் நினைவில் வைத்திருப்பேன். அடுத்தவர் வாழ்க்கையின் தேதிகளை மறக்காதவர்கள் இரண்டே வகை. காதலிக்கிறவர்கள், வயிறெரிகிறவர்கள். இந்த ஆளுக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது, முடி நரைத்திருக்கிறது, மீசை வைத்திருக்கிறார். ஆனாலும் கண்ணாடியில் என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது.

அப்போது வராந்தாவில் சுப்பராயலுவின் குரல் யாரிடமோ ஃபோனில் கேட்டது. "ஆமாபா, இன்னிக்கோட அது க்ளோஸ். அடுத்து ஆம்பள ஆளாப் பாரு. பொம்பளப் புள்ளைங்கள இந்த வேலைக்கு எடுத்தா இதான் கதி. பட்டது போதும்."

ஆக, அவள் எழுந்து போனாலும் அந்த நாற்காலி எனக்கு இல்லை. எனக்கு மட்டும் இல்லை, எவளுக்குமே இல்லை. கையெழுத்துப் போடப்போவது அவள், அதில் என் பெயரையும் சேர்த்து அடிக்கிறான் இந்த மானேஜர்.

"அக்கா," என்றேன். "கொஞ்சம் சர்வர் ரூமுக்கு வாங்க. ரோஸ்லினையும் கூப்பிடுங்க."

மணி மூன்று பத்து.

---

என் ஃபோனில் 'ரசீது' என்று ஒரு ஃபோல்டர். அதில் ரசீது ஒன்றுகூடக் கிடையாது. ரோஸ்லின் வாட்ஸ்அப்பில் வைத்த ஸ்டேட்டஸ் படங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அதில் போட்டிருந்தேன்.

"இது இன்னாடி, மொத்தம் நாப்பத்தொண்ணு?" நிஷாக்காவின் சோம்பு மெல்லும் வாய் நின்றது. "அவ அம்மா கிட்டகூட இவ்ளோ இருக்காதே!"

"அப்பறம் திட்டுங்க. இதப் பாருங்க."

போன ஆயுத பூஜை. நீலச் சுடிதார், கையில் சுண்டல் தட்டு, சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நான் எத்தனை நாள் பார்த்திருப்பேன் என்பது எனக்குத்தான் தெரியும். இப்போது அவள் தோளுக்குப் பின்னால் பெரிதாக்கினேன். வில்லியனூர். டிரேயும் சட்டமும் சேரும் கோட்டின்மேல் நான்கு முழுப் பொட்டுகள்.

நிஷாக்கா நிமிர்ந்து எதிரே இருந்த வில்லியனூரைப் பார்த்தார். நான்கு பாதிப் பொட்டுகள்.

"சந்தனம் உதிர்ந்திருக்கலாம்ல?"

"உதிர்ந்தா கன்னாபின்னான்னு உதிரும். நாலும் ஒரே கோட்டுல உதிருமாக்கா? ஸ்கேல் வெச்சா உதிரும்?"

ரோஸ்லின் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டு யாரும்மா வெச்சது?" என்றார் நிஷாக்கா அவளிடம்.

"விஜயராஜ் அண்ணன்தான். வருஷா வருஷம் அவர் கையாலதான். நான் வைக்கட்டுமான்னு கேட்டேன், 'நீ மாதா கோயிலு, நீ சுண்டலப் புடி'ன்னாரு."

"பழைய பாகூருக்கும் வெச்சாரா?"

"அது தை மாசந்தான் வாங்கினோம் மேடம். அதுக்குப் பொட்டே கெடையாது." சொல்லி முடிக்கும்போதே அவள் கை வாய்க்குப் போனது. "அய்யோ... செத்த பாகூர் டிஸ்க்கை இதுல சொருகிட்டாங்க. அது ரெண்டாம் தேதியோட நின்னுபோனது. நான் சரியாத்தான் காப்பி பண்ணியிருக்கேன். ஆனா பழசை எடுத்து காப்பி பண்ணியிருக்கேன்!"

"அப்ப வில்லியனூரோட டிஸ்க்கு?"

மூவரும் ஸ்டோர் ரூமுக்குப் போனோம். விஜயராஜை டீக்கு அனுப்பிவிட்டிருந்தார் சுப்பராயலு. நிஷாக்கா கேட்டுக்கொண்டதால் அனுப்பினார், ஏன் என்று கேட்காமல் முறைத்தார். உடைந்த பிரிண்டர்களுக்குப் பின்னால், கோணி போர்த்தி, வெந்துபோன பழைய பாகூர். கோணியை விலக்கினேன். பாகூரின் சட்டம் மொழுக்கென்று இருந்தது. அதன் நான்கு டிரேக்களின் அடிவிளிம்பில் மட்டும் மேல்பாதிப் பொட்டுகள்.

பன்னிரண்டு நாட்களும் அங்கே படுத்திருந்தன.

ரோஸ்லின் பாய்ந்து ஒரு டிரேயை இழுத்தாள். நிஷாக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லு. இப்பவே எடுத்துப்போயி போட்டா இன்னா சொல்லுவாங்க? நீயே மாத்தின, மாட்டிக்கினதும் நீயே கண்டுபுடிச்சன்னு சொல்லுவாங்க. கையெழுத்து வேணாம், நேரா ஸ்டேஷனே."

"பொட்டு வெச்சது அவர்தான்க்கா. மாத்தினதும் அவர்தான்," என்றேன் நான். "எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

எப்படிச் சொல்வது? "அந்தாளு பேர்ப்பலகை மாட்டின நேரத்தைச் சொன்னாரு."

நிஷாக்கா என்னை இரண்டு விநாடி பார்த்தார். பிறகு ரோஸ்லினிடம் திரும்பினார். "பழைய டிஸ்க்கைத் தூக்கிப்போடறதுக்கு முன்னாடி இங்க இன்னா பண்ணுவீங்க?"

"டிரில் போட்டு ஓட்டை போடணும். அதான் ரூல். விஜயராஜ் அண்ணன் அவருக்கு வசதிப்பட்ட நாள்ல பண்ணுவாரு."

"புது சர்வரோட காலி டிரே ஏதாவது உபரியா வந்துச்சா?"

"நாலு வந்துச்சி."

நிஷாக்கா இன்னொரு சிட்டிகை சோம்பை வாயில் போட்டார்.

---

மூன்று நாற்பதுக்குப் பின்பக்கத் தளத்தில் ஒரு மேசை. மேசைமேல் கோணியில் சுற்றிய மூட்டை. ஃபிட்டர் பாக்யராஜ் கையில் டிரில்லிங் மெஷின். சுற்றிலும் சுப்பராயலு, நாங்கள், ஷிப்ட் முடிந்த ஏழெட்டுத் தொழிலாளர்கள். ரோஸ்லின் துப்பட்டாவுக்குள் எதையோ கட்டி நெஞ்சோடு அணைத்தபடி தூணோரம் நின்றாள்.

"இது இன்னா புதுசா?" என்றார் சுப்பராயலு.

"ரிப்போர்ட்டுக்கு சார். அந்தச் செத்த பாகூரோட டிஸ்க்குல கம்பெனி ரகசியம் கெடக்குது. நாளைக்கு எவனாவது எடுத்துப்போனா இன்னொரு கேஸ். என் கண் முன்னாடி ஓட்டை போட்டுட்டா நான் எழுதிட்டுப் போயிடுவேன்."

டீ கிளாசோடு வந்த விஜயராஜ் கூட்டத்தைப் பார்த்ததும் வேகம் கூட்டினார். "சார், அது என் வேலை சார். அடுத்த வாரம் நானே..."

"அடுத்த வாரம் இன்னா, இன்னிக்கே ஆவட்டும்," என்றார் நிஷாக்கா. "செத்ததுதானே."

"செத்ததுதான் மேடம், ஆனா..."

"பாக்யராஜ், போடுங்க."

டிரில் அலறியது. கோணிக்கும் அதன் முனைக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. பிறகு அரைச் சாண். நான் டிஸ்க்கைப் பார்க்கவில்லை. விஜயராஜின் கையில் இருந்த கிளாசைப் பார்த்தேன். டீ அலையடித்தது.

விரலளவு.

கிளாஸ் கீழே விழுந்தது. விஜயராஜ் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மூட்டைமேல் கவிழ்ந்தார். "வேணாம்! ஓட்ட போடாதீங்க! பன்னெண்டு நாளும் அதுலதான்..."

பாக்யராஜ் டிரில்லைப் பின்னுக்கு இழுத்தார், ஆனால் அணைக்க மறந்துபோனார். அது காற்றைத் துளைத்துக்கொண்டே இருந்தது.

"செத்த டிஸ்க்குல பன்னெண்டு நாள் எப்படி சார் வந்துச்சி?" என்றார் நிஷாக்கா, மிக மரியாதையாக.

நிஷாக்கா கோணியைப் பிரித்தார். பொட்டில்லாத, புத்தம் புதிய, காலி டிரேக்கள். தூணோரம் ரோஸ்லின் துப்பட்டாவைத் திறந்தாள். அதில் நான்கு அரைப் பொட்டுகள்.

விஜயராஜ் அவற்றையே பார்த்தார். தன் கையால் வைத்த சந்தனம். வருடம் முழுக்கத் தினமும் பார்த்தது. தினமும் பார்த்ததால் கண்ணில் படவில்லை.

"அழிக்கணும்னு இல்ல சார்," என்றார் சுப்பராயலுவிடம். "சத்தியமா இல்ல. புதன்கிழமை சாயந்திரம் நானே எடுத்துப் போட்டிருப்பேன். எல்லாரும் கையப் பிசைஞ்சிகினு நிக்கும்போது. விஜயராஜ் இல்லன்னா கம்பெனி இல்லன்னு ஒரு தரம், ஒரே ஒரு தரம் யாராவது சொல்லட்டும்னு..." கீழே விழுந்த கிளாசைக் குனிந்து எடுத்தார். "பதினாலு வருஷம் சார். ஸ்குரு முடுக்கறவனாவே இருந்துட்டேன்."

எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, அவர் பக்கத்தில் போய் உட்காரலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

---

ஐந்தரைக்கு வில்லியனூர் தன் சொந்த டிரேக்களோடு எழுந்து நின்றது. இந்த முறை ரோஸ்லின் முதலில் தேதியைப் பார்த்தாள். பிறகுதான் நகலெடுக்க விட்டாள்.

சுப்பராயலு இருமிக்கொண்டே ராஜினாமா கடிதத்தைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினார். ரோஸ்லின் முந்திக்கொண்டாள். நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள்.

"இது என் கிட்டயே இருக்கட்டும் சார். என்னிக்குத் தேதி போடறதுன்னு நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள்மேல் இன்னும் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

வாசல்வரை எங்களோடு வந்தாள். என்னிடம், "அந்த ஆயுத பூஜை படத்தை எனக்கு அனுப்புடி. என்கிட்டயே அது இல்ல," என்றாள். நன்றி என்று சொல்லவில்லை. நாற்பத்தொன்று என்ற எண்ணையும் சொல்லவில்லை. தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள்.

வில்லியனூர் ரோட்டில் நிஷாக்கா மெதுவாகவே ஓட்டினார்.

"ரெண்டு அம்பதுக்கு உன் கை ஃபோனுக்குப் போச்சி," என்றார் திடீரென்று. "மூணு பத்துக்கு வாயத் தொறந்த."

காற்று முகத்தில் அடித்தது.

"பாத்தீங்களா? அப்பவே ஏன் கேக்கல?"

"நீயா தொறக்கறியான்னு பாத்தேன். அந்தாளு ரெண்டு வருஷம் நாலு மாசமா உள்ளயே வெச்சிகினு வெந்தாரு. உனக்கு இருபது நிமிஷந்தான் ஆச்சி. அடுத்த தரம் அஞ்சு நிமிஷம் ஆக்கு."

"நான் தொறக்கலன்னா?"

"நாளைக்கு வேற அசிஸ்டென்ட் தேடியிருப்பேன்." கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "இப்ப இன்னாத்தடி மொறைக்கிற?"

முன்னால், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத் திருப்பத்தில், ரோஸ்லின் சிக்னலுக்கு நின்றிருந்தாள்.

"அவ ஹெல்மெட்டு," என்றேன். "புதுசு. போன வாரந்தான் வாங்கினா. இந்தக் கலர் நம்ம பக்கம் கெடைக்காது."

நிஷாக்கா வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் கை நீட்டினார்.

"ஃபோனக் குடு. ஒண்ணு வெச்சிக்க, அது சாட்சி. மீதி நாப்பதையும் இங்கயே அழி."

"வூட்டுக்குப் போயி அழிக்கறேன்க்கா."

"இங்கயே. நான் பாத்துக்கினு நிக்கறேன்."

நாற்பது படம் அழிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசிப் படத்தில் மட்டும் என் விரல் கொஞ்சம் நின்றது. அதில் அவள் சுத்தற சேரில் உட்கார்ந்திருந்தாள்.